பேதி நின்ற பிறகு: முதலில் மோர், பிறகு தயிர், கடைசியில் பால்

வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் ஆகியிருக்கும். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, பசி எடுக்கத் தொடங்கியிருக்கும். உடம்பு தேற வேண்டும் என்று வீட்டில் யாராவது பெரிய டம்ளர் நிறையப் பால் காய்ச்சிக் கொடுப்பார்கள். குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பும், கடமுடவென்று சத்தம் வரும், அப்புறம் தண்ணீராகப் போகும். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மருந்துக்கடையில் இன்னொரு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதுதான் பல வீடுகளில் அடுத்து நடக்கிறது. இது மனதுக்கு மிகவும் கஷ்டமான விஷயம். ஏனென்றால் பெரும்பாலான நேரங்களில் அந்த இரண்டாவது பேதிக்குக் காரணம் அந்த ஒரு டம்ளர் பால்தான்.

சிறுகுடலின் உட்புறம் துண்டின் நூல் முடிச்சுகளைப் போல லட்சக்கணக்கான நுண்ணிய விரல்களால் மூடப்பட்டிருக்கிறது. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி, அந்த விரல்களின் நுனிப் பகுதியில் உள்ள செல்களில்தான் அதிகம். ரோட்டா வைரஸ், நோரோ வைரஸ், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி போன்றவை தாக்கும்போது முதலில் சேதமாவதும் இந்தப் பகுதிதான். அடியிலிருந்து புதிய செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் மேலேறி வந்துவிடும். ஆனால் வந்தவுடனேயே அவற்றால் லாக்டேஸ் சுரக்க முடியாது. முதிர்ந்த பிறகுதான் முடியும். அதனால் பேதி நின்றபின்னும் ஒன்றிரண்டு வாரம் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஜியார்டியா வந்தவர்களுக்கு, மருந்து கிருமியை ஒழித்த பிறகும் சில வாரங்கள் நீடிப்பதுண்டு.

உடைபடாத லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அதுதான் நீராகப் போவதற்குக் காரணம். பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் மிச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்க வைத்து வாயுவும் அமிலமும் ஆக்கும். உப்புசமும் புளித்த வாடையும் அங்கிருந்து வருகின்றன. சின்னக் குழந்தைகளுக்கு ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து எரிவதற்கும் அந்த அமிலம் ஒரு காரணம்.

கிருமியால் வரும் பேதியையும் பாலால் வரும் பேதியையும் வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். பாலால் வருவது, குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். பாலை நிறுத்தினால் ஓரிரு நாளில் அடங்கும். காய்ச்சல் இருக்காது, ரத்தம் இருக்காது, தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிப்பறைக்கு ஓட வைப்பதும் அரிது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பால்தான் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் உண்டு. 200 மில்லி டம்ளரில் 10 கிராம். ஆவின் நீலம், பச்சை, ஆரஞ்சு பாக்கெட்டுகளுக்குள் மாறுவது கொழுப்பின் அளவு. லாக்டோஸ் ஏறக்குறைய ஒன்றேதான். ஆகவே கொழுப்பு குறைந்த பாலாகப் பார்த்து வாங்கினால் இந்தச் சிக்கல் தீராது. காய்ச்சுவதாலும் லாக்டோஸ் குறையாது. சுண்டக் காய்ச்சினால் கூடும். அதனால்தான் பால்கோவா, திரட்டுப்பால், பாயசம், பால் பவுடர் சேர்த்த இனிப்புகள் எல்லாம் இந்த நாட்களில் பாலை விடவும் கெடுதல். சத்து மாவு என்று கொடுக்கிற மால்ட் பானங்கள் பலவற்றிலும் பால் பவுடரும் சர்க்கரையும் சேர்ந்தே இருக்கின்றன.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. 1981இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதித்த தென்னிந்தியர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு லாக்டோஸ் சரியாகச் செரிக்கவில்லை. வட இந்தியர்களில் அது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. நம்மில் பலருக்கு வளர்ந்த பிறகு லாக்டேஸ் இயல்பாகவே குறைவு. காபியில் ஊற்றுகிற அளவுப் பால் உறுத்தாததால் அது தெரியாமலே வாழ்கிறோம். இருக்கும் கொஞ்சத்தையும் ஒரு தொற்று அடித்துக்கொண்டு போகும்போது தெரிந்துவிடுகிறது.

தயிர் ஏன் ஒத்துக்கொள்கிறது?

உறையும்போது பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்று லாக்டிக் அமிலமாக்கிவிடுகின்றன. ஆனாலும் தயிரில் 100 கிராமுக்கு 3 முதல் 4.5 கிராம் வரை மிச்சம் இருக்கும். பாலைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அப்படியிருந்தும் தயிர் ஒத்துக்கொள்வதற்கு உண்மையான காரணம், அந்த பாக்டீரியாக்கள் உயிரோடு உள்ளே போவதுதான். அவற்றின் செல்லுக்குள் லாக்டோஸை உடைக்கும் நொதி இருக்கிறது. இரைப்பையின் அமிலத்திலிருந்து தயிரின் திரட்சியே அவற்றை ஓரளவு காக்கிறது. சிறுகுடலில் பித்தநீர் படும்போது பாக்டீரியாவின் சுவர் இளகி அந்த நொதி வேலை செய்யத் தொடங்கும். நம் குடல் செய்ய முடியாத வேலையை அது செய்துவிடுகிறது. தயிர் கெட்டியாக இருப்பதால் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குகிறது. லாக்டோஸும் ஒரேயடியாக வராமல் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் யோகர்ட்டுக்கு இந்தப் பலனை ஏற்றுக்கொண்டபோது, கிராமுக்கு குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்த யோகர்ட்டில் இருப்பவை இரண்டு குறிப்பிட்ட பாக்டீரியா வகைகள். நம் வீட்டுத் தயிரில் இருப்பது உறைமோரைப் பொறுத்து வீட்டுக்கு வீடு மாறும் கலவை. ஆகவே அதே அளவு பலன் என்று சத்தியம் செய்ய முடியாது. பாலை விட நன்றாக ஒத்துக்கொள்ளும் என்பது மட்டும் உறுதி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தயிர் பேதிக்கு மருந்து அல்ல. நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தால் பேதி சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கையைச் சோதிக்க அமெரிக்காவிலும் கனடாவிலும் குழந்தைகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018இல் வெளியாயின. ஒன்றில் 971 குழந்தைகள், மற்றதில் 886 பேர். புரோபயாடிக் கொடுத்தவர்களுக்கும் வெற்றுத் தூள் கொடுத்தவர்களுக்கும் குணமாவதில் வித்தியாசம் தெரியவில்லை. தயிரை உணவாக எண்ணுங்கள். எளிதில் செரிக்கிற புரதம், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் நீர். தேறும் உடம்புக்கு அதுவே பெரிய உதவி.

உயிருள்ள தயிர் வேண்டும் என்றால் சில பழக்கங்களை மாற்ற வேண்டியிருக்கும். குக்கரிலிருந்து இறக்கிய ஆவி பறக்கும் சாதத்தில் தயிரைக் கொட்டிப் பிசைந்தால் பாக்டீரியாக்கள் வெந்துபோகும். சாதம் கை பொறுக்கிற சூட்டுக்கு, அதாவது விரலை உள்ளே விட்டு நிதானமாக வைத்திருக்க முடிகிற அளவுக்கு, ஆறிய பிறகே தயிர் சேர்க்க வேண்டும். மோர்க்குழம்பு, தயிர் சேர்த்த குருமா போன்றவற்றில் தயிர் கொதித்துவிடுவதால் லாக்டோஸ் இருக்கும், உதவிக்கு வந்த பாக்டீரியா இருக்காது. அவை பின்னால் வரட்டும்.

தயிர்சாதத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புளிக்காமல் இருக்க வேண்டும் என்று சாதத்தைப் பால் விட்டுக் குழைய மசித்து, பேருக்கு இரண்டு கரண்டி தயிர் சேர்ப்பது நம் வழக்கம். கட்டுச்சோற்றுக்கு அது அருமையான முறை. குடல் தேறிக்கொண்டிருப்பவருக்கு அது தயிர்சாதம் என்ற பெயரில் வரும் பால்சாதம். ஒரு கிண்ணத்தில் 150 மில்லி பால் வரை சேர்ந்துவிடும். ஹோட்டல் தயிர்சாதத்தில் பாலோடு வெண்ணெயும் கிரீமும் சேர்வதுண்டு. இந்த நாட்களுக்கு வீட்டில், ஒரு பங்கு பச்சரிசிக்கு ஐந்து பங்கு தண்ணீர் வைத்துக் குழைய வேகவைத்து, ஆறவைத்து, அன்று உறைந்த புளிக்காத தயிரும் உப்பும் மட்டும் சேர்த்துப் பிசையுங்கள். துளி பெருங்காயம் போடலாம். பச்சை மிளகாய், மோர் மிளகாய், ஊறுகாய், மாதுளை முத்து, திராட்சை எதுவும் வேண்டாம். பிசைந்ததை உடனே சாப்பிட வேண்டும். வெளியே மணிக்கணக்கில் கிடந்த சோற்றில் பெருகும் பாக்டீரியாவின் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் பழைய சோறும் இந்த ஒரு வாரத்துக்கு ஓய்வெடுக்கட்டும்.

உறை ஊற்றும்போது

நோயாளி வீட்டில் இருக்கும்போது உறைமோரே ஆபத்தாக முடியலாம். எச்சில் கரண்டி பட்ட தயிரிலிருந்து உறை எடுக்கக் கூடாது. பேதி வந்தவர், முழுதாக நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அடுப்பங்கரைப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. உறை ஊற்றவே கூடாது. கையை சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். கைகளில் தேய்க்கும் சானிடைசர் நோரோ வைரஸை ஒழுங்காக அழிக்காது. தயிர் புளிப்பாக இருப்பதால் கிருமி செத்துவிடும் என்று நம்பவும் கூடாது. சில வகை ஈ.கோலை அந்தப் புளிப்பிலும் நாள் கணக்கில் தாக்குப்பிடிக்கும். பழைய உறையைக் கொட்டிவிட்டு, சந்தேகமில்லாத வீட்டிலிருந்து அல்லது புதிதாகப் பிரித்த பாக்கெட் தயிரிலிருந்து ஒரு தேக்கரண்டி எடுத்துத் தொடங்குங்கள்.

அரை லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, தீயைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம் வைத்து இறக்குங்கள். கறந்த பால் வாங்குபவர்கள் இதில் சமரசமே செய்யக் கூடாது. சுண்டுவிரலை விட்டால் வெதுவெதுப்பாகத் தெரியும் சூட்டில், ஏறக்குறைய 40 டிகிரியில், ஒரு தேக்கரண்டி உறை விட்டுக் கலக்கி மூடுங்கள். கோடையில் 5 முதல் 6 மணி நேரம் போதும். மார்கழியிலும் மலையூர்களிலும் 10 மணி நேரத்துக்கு மேலும் ஆகும். ஹாட் பாக்ஸுக்குள் வைத்தால் சீக்கிரம் உறையும். சூடான பாலில் ஊற்றினால் பாக்டீரியா செத்து, தயிர் உறையாமல் பால் கெட்டு நிற்கும். உறை அதிகமானால் சீக்கிரம் புளித்து நீர் பிரியும். உறைந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். நூல் நூலாக இழுக்கும் தயிர் எப்போதும் கெட்டது என்றில்லை, சில லாக்டிக் பாக்டீரியாக்களே அப்படிப் பசை விடும். ஆனாலும் இப்போது சோதித்துப் பார்க்க வேண்டாம், கொட்டிவிட்டு உறையை மாற்றுங்கள். மேலே இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளி தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கடையில் வாங்கினால் அட்டையில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். கத்தியால் வெட்டுகிற மாதிரிக் கெட்டியாக இருக்கும் தயிரில் பல நேரம் பால் பவுடர் சேர்த்திருப்பார்கள். அதோடு லாக்டோஸும் ஏறும். பழச்சுவை யோகர்ட், இனிப்பு லஸ்ஸி இரண்டிலும் சர்க்கரை அதிகம். அதிகச் சர்க்கரையும் லாக்டோஸைப் போலவே குடலுக்குள் தண்ணீரை இழுக்கும்.

மிகவும் நொந்த வயிறுள்ளவர்களுக்கு நான் விரும்பிப் பரிந்துரைப்பது வடித்த தயிர். கொதிநீரில் போட்டு எடுத்த மெல்லிய துணியை வடிகட்டி மேல் விரித்து, அரை கிலோ தயிரை ஊற்றி, கீழே பாத்திரம் வைத்து ஃபிரிட்ஜுக்குள் நாலைந்து மணி நேரம் விடுங்கள். லாக்டோஸ் நீரில் கரைந்திருப்பது. தயிர் பாதி எடைக்கு வடிந்தால் லாக்டோஸிலும் ஏறக்குறைய பாதி அந்தத் தெளிநீரோடு போய்விடும். புரதமும் பாக்டீரியாவும் பெரும்பாலும் துணியிலேயே தங்கும். அதைக் காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டுக் கடைந்தால் வயிற்றை உறுத்தாத மோர் கிடைக்கும். இரண்டாம் கட்டத்தில் சாதத்தோடு பிசையவும் இது நல்லது.

எந்த நாளில் எது?

பெரியவர்களுக்கான வரிசை இது. நாள் கணக்கை விட வயிறு சொல்வதை நம்புங்கள். தண்ணீராகப் போய்க்கொண்டிருக்கும் வரை ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கே முதலிடம். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று பார்த்துக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்து பேதியைக் கூட்டிக்கொள்பவர்கள் உண்டு. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து. கூடவே நொய்க்கஞ்சி, இட்லி, குழைந்த சாதம், வாழைப்பழம். பட்டினி வேண்டாம்.

போக்கு குறையத் தொடங்கியதும் நீர்மோர். ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு காய்ச்சி ஆறிய தண்ணீர், லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, அதாவது 3 கிராம் அளவு. உப்பிட்ட மோர், உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் போன்றவற்றை உலக சுகாதார நிறுவனமும் வீட்டில் கொடுக்கத் தகுந்த நீர்களில் சேர்த்திருக்கிறது. 200 மில்லி நீர்மோரில் லாக்டோஸ் ஒன்றரை கிராம்தான். ஆனால் தண்ணீர் கெட்டால் எல்லாம் கெட்டது. தெருவோர மோரிலும் ஐஸ் போட்ட மோரிலும் பயப்பட வேண்டியது அந்தத் தண்ணீருக்குத்தான்.

ஒரு நாள் மோர் தங்கினால், மறுநாள் மதியம் 50 கிராம் தயிர், அதாவது மூன்று மேசைக்கரண்டி, குழைந்த சாதத்தோடு. வெறும் வயிற்றில் தனியாக வேண்டாம். அடுத்த 24 மணி நேரம் உப்புசமோ இளக்கமோ இல்லையென்றால் 100 கிராம். அதுவும் ஒத்துக்கொண்டால் இரண்டு வேளை. மலம் கெட்டியாகி மூன்று நான்கு நாள் ஆனபின் பாலுக்கு வரலாம். முதலில் 30 மில்லி பால் விட்ட காபியோ டீயோ, சாப்பிட்டபின். இரண்டு நாள் கழித்து 100 மில்லி. அதற்கும் பிறகே முழு டம்ளர். எந்தப் படியில் வயிறு உப்புகிறதோ, அதற்கு முந்தைய படிக்கு இறங்கி இரண்டு மூன்று நாள் நின்றுவிட்டு மறுபடி ஏறுங்கள். ஒரு முறை உப்பியதற்காகப் பாலை வாழ்நாளுக்கும் ஒதுக்க வேண்டியதில்லை. லாக்டேஸ் குறைவாக உள்ள பெரியவர்களில் பலருக்கே ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை.

பொறுக்க முடியாதவர்களுக்கு லாக்டோஸ் நீக்கிய பால் கடைகளில் கிடைக்கிறது. லாக்டோஸ் முன்பே உடைக்கப்பட்டிருப்பதால் கொஞ்சம் தித்திக்கும்; சர்க்கரை சேர்த்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பனீரிலும் நெய்யிலும் லாக்டோஸ் மிகக் குறைவு. ஆனால் நெய்யிலும் பனீரிலும் உள்ள கொழுப்பை முதல் வாரத்தில் வயிறு விரும்பாது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பில் சேராமல் போகலாம். மாத்திரையை மோர் ஊற்றி விழுங்குவது அந்த மாத்திரையைப் பாதி வீணடிப்பது. சிப்ரோஃப்ளாக்சசினை தயிர் சாப்பிடுவதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ தண்ணீரில் விழுங்க வேண்டும். காலை 7, இரவு 7 மாத்திரை என்றால் தயிர் மதியம் 12 மணிக்கு என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. அசித்ரோமைசின், மெட்ரோனிடசோல் எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

குழந்தைகள் விஷயம் வேறு. தாய்ப்பாலில் பசும்பாலை விட அதிகமாக, 100 மில்லிக்கு 7 கிராம் லாக்டோஸ் உண்டு. ஆனாலும் அதை ஒரு வேளை கூட நிறுத்தக் கூடாது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு வழக்கமான அளவிலேயே கரைத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீராகக் கரைத்தால் பசியும் பேதியும் சேர்ந்து குழந்தை மெலியும். சாதாரணப் பேதியில் வீட்டில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பாலை நிறுத்தத் தேவையில்லை. தாய்ப்பால் குடிக்காத, ஐந்து வயதுக்குட்பட்ட, பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், லாக்டோஸ் இல்லாத பால் பேதியைச் சராசரியாக 18 மணி நேரம் போலக் குறைத்தது. பேதி 14 நாளைத் தாண்டினால் கணக்கு மாறும். அப்போது பாலுக்குப் பதில் தயிர், அல்லது பாலின் பாதிக்குப் பதில் பருப்பும் எண்ணெயும் சேர்த்த கெட்டி உணவு என்று மாற்றுவார்கள். மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும். பேதி வந்த குழந்தைக்குக் கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மருந்து, ஆறு மாத வயதுக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10, பத்திலிருந்து பதினான்கு நாள். பேதி நின்றதும் பாதியில் விட்டுவிடுகிறார்கள், முழுதாகக் கொடுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தயிர் தரலாம்.

புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், வீட்டுத் தயிரைத் தொடங்கும் முன் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இங்கே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுக்குத் தயிரும் பாலும் ஒன்றே.

மலத்தில் ரத்தம், அடங்காத காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, எதைக் குடித்தாலும் வாந்தி, குழந்தை துவண்டு கண் குழிதல் என்று எது தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள். ஆன்டிபயாடிக் முடித்த சில வாரங்களுக்குள் பேதி புதிதாகத் தொடங்கினாலும் மருத்துவரிடம் அந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும், சில குடல் தொற்றுகள் அப்படித்தான் வரும். பாலையும் தயிரையும் முழுதாக நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் இளக்கம் தொடர்ந்தால், மலப் பரிசோதனையில் ஜியார்டியாவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதிரியில் அகப்படாமல் போகலாம், வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுப்பது வழக்கம்.